விண்வெளியிடம் ஒரு கேள்வி கேட்க எவ்வளவு செலவாகும்?

மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கித் தருகிறேன். "எங்கள் கல்லூரியில் பதினான்கு பேர் சேர்ந்து சிறிய செயற்கைக்கோள் ஒன்று செய்வதென்று இறங்கியிருக்கிறோம். கடையில் கிடைக்கும் பாகங்களே போதும், செலவும் குறைவு என்கிறார்கள். இது நடக்கிற காரியமா ஐயா? பெரிய விண்வெளி நிறுவனங்களே புதிய கருவிகளைச் சிறிய கோள்களில் வைத்துச் சோதிப்பது ஏன்? நாங்கள் எதைச் சோதிக்கலாம்?"

நடக்கிற காரியம்தான், தம்பி. ஆனால் கடைசியாகக் கேட்டதை நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆள் சேர்த்து, பெயர் வைத்து, சின்னம் வரைந்து, பனியனும் அச்சடித்த பிறகு "எதைச் சோதிக்கலாம்?" என்று யோசிக்கத் தொடங்கும் குழுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செயற்கைக்கோள்களைக் குலுக்கியும் சுட்டும் குளிரவைத்தும் சோதிக்கிற கூடங்களில் முப்பது ஆண்டு வேலை பார்த்துவிட்டு இப்போது திருநகரில் ஓய்வாக இருக்கிறேன். பதில் சற்று நீளும். டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். புதுத் தேர் செய்தாலும், பழைய தேரைப் பிரித்துப் பழுதுபார்த்தாலும், சாமியை ஏற்றுவதற்கு முன் வெறுந்தேரை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு முறுக்குகிறதா, சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறதா, மாசி வீதி முக்கில் திரும்பும்போது முட்டுக்கட்டைக்குக் கட்டுப்படுகிறதா என்பதெல்லாம் பட்டறையில் தெரியாது. வீதியில்தான் தெரியும். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். சோதனைக்காக விடப்படும் நுண்செயற்கைக்கோளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

பெரிய தகவல்தொடர்புக் கோள் ஒன்றுக்குப் பல நூறு கோடி ரூபாய் ஆகும். அது பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்தாக வேண்டும். அதன் பொறுப்பாளரிடம் போய், "புதுவகை மின்கலம் ஒன்று செய்திருக்கிறோம், உங்கள் கோளில் வைத்துப் பாருங்கள்" என்று சொன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இது இதற்கு முன் எதிலாவது பறந்திருக்கிறதா?" பறந்ததில்லை என்றால் எடுக்க மாட்டார். அவர் எடுக்காதவரை அது பறக்கப் போவதும் இல்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. அவரையும் குறை சொல்ல முடியாது. நானே எத்தனையோ புதுமைகளுக்குக் கையெழுத்துப் போட மறுத்தவன்தான். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான், கெட்டுப்போனாலும் குடி முழுகிப் போகாத சிறு கோள் ஒன்று தேவைப்படுகிறது.

நம் பக்கத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2001 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-3 ராக்கெட்டில் மூன்று கோள்கள் இருந்தன. மூன்றுமே வெள்ளோட்டக் கோள்கள். ஒன்று இஸ்ரோவின் தொழில்நுட்பச் சோதனைக் கோள், 1,108 கிலோ. அடுத்தது ஜெர்மனியின் 'பேர்ட்', 92 கிலோ. காட்டுத்தீ போன்ற வெப்பத் திட்டுகளை அகச்சிவப்பு உணரிகளால் மேலிருந்து பிடிக்க முடியுமா என்று பார்க்கப் போனது. மூன்றாவது ஐரோப்பிய விண்வெளி முகமையின் 'புரோபா-1', 94 கிலோ. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏனென்றால் அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி அவ்வளவு தெளிவானது: தரையிலிருந்து அடிக்கு அடி கட்டளை அனுப்பாமல், "இந்த இடத்தைப் படமெடு" என்று மட்டும் சொல்லிவிட்டால், எப்போது அங்கே வருவோம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் கோளே கணக்குப் போட்டுக்கொள்ளுமா? போட்டுக்கொண்டது. இரண்டு ஆண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பியது இருபது ஆண்டைத் தாண்டியும் உழைத்தது.

எடையை வைத்துப் பெயர் சொல்வது வழக்கம். 10 முதல் 100 கிலோ வரை மைக்ரோ, 1 முதல் 10 வரை நானோ, அதற்கும் கீழே பிக்கோ. பேச்சில் எல்லாவற்றையும் நுண்கோள் என்றே சொல்லிவிடுகிறோம். இதற்கு மேல் இந்தப் பெயர்களில் சாரம் ஒன்றுமில்லை.

கடைப் பாகங்களை வைத்துச் செயற்கைக்கோள் செய்யலாம் என்ற எண்ணம் நேற்று முளைத்ததன்று. 1961 டிசம்பர் 12 அன்று அமெரிக்க அமெச்சூர் ரேடியோக்காரர்கள் சிலர் தாங்களே செய்த நாலரை கிலோப் பெட்டியான 'ஆஸ்கர்-1'ஐ, ஒரு ராக்கெட்டில் எடைச் சமநிலைக்கு வைக்கும் பாரத்தின் இடத்தில் வைத்து அனுப்பினார்கள். மோர்ஸ் குறியீட்டில் நான்கு புள்ளி, பிறகு இரண்டு புள்ளி, அதாவது 'ஹாய்' என்று மூன்று வாரம் சொல்லிக்கொண்டே இருந்தது. வெறும் வணக்கம் சொல்லத்தான் போனது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 'ஹாய்' வரும் வேகத்தைப் பெட்டிக்குள் இருந்த வெப்ப உணரி தீர்மானித்தது. வேகத்தை எண்ணிப் பார்த்தால் உள்ளே எவ்வளவு சூடு என்று தெரிந்துவிடும். நாலரை கிலோவுக்குள் ஒரு கேள்வியும் அதற்கான விடையும். இன்றைய மாணவர் கோள்களில் பாதிக்கு இந்தப் புத்திசாலித்தனம் கிடையாது.

அடுத்த பெரிய அடியை இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் வைத்தது. மார்ட்டின் ஸ்வீட்டிங் தலைமையில் செய்யப்பட்ட 'யுஓசாட்-1' 1981 அக்டோபர் 6 அன்று பறந்தது. கடையில் வாங்கிய மின்னணுப் பாகங்கள், சுற்றுப்பாதையில் இருக்கும்போதே புதிய நிரல் ஏற்றிக்கொள்ளும் கணினி. அடுத்த ஆண்டு ஏப்ரலில் நிரலில் நேர்ந்த ஒரு பிழையால் அதன் இரண்டு ஒலிபரப்பிகளும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கிவிட்டன. தன் கூச்சலில் தரையிலிருந்து வரும் கட்டளை அதற்குக் காதில் விழவில்லை! "வாயை மூடு" என்று சொன்னால் கேட்க வேண்டும். கேட்க வேண்டுமென்றால் முதலில் வாயை மூட வேண்டும். மாதக்கணக்கில் போராடி, கடைசியில் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பக்கம் இருந்த 46 மீட்டர் ராட்சத ஆண்டெனாவால் அந்தக் கூச்சலையும் மீறிக் கத்தித்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு 1989 வரை அது ஒழுங்காக வேலை செய்தது. உங்கள் குழுவில் நிரல் எழுதுபவர் யாரோ, அவருக்கு இந்தக் கதையைத் தவறாமல் சொல்லுங்கள்.

கியூப்சாட் என்னும் கனசதுரக் கோள் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 1999இல் ஸ்டான்ஃபோர்டின் பாப் ட்விக்ஸும் கலிபோர்னியப் பாலிடெக்னிக்கின் ஜோர்டி புய்க்-சுவாரியும் வகுத்த அளவு, பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர். பொம்மை வைத்து விற்கும் பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்துத்தான் ட்விக்ஸுக்கு அந்த அளவு தோன்றியது. எல்லோரும் கனசதுரத்தையே புகழ்கிறார்கள். என் கணக்கில் பெருமை அந்தக் கனசதுரத்தை ராக்கெட்டுக்குள் அடைத்து வைக்கும் சுருள்வில் பெட்டிக்குப் போக வேண்டும். மாணவர்கள் செய்த கோளில் ஒரு திருகு கழன்றாலும் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். பக்கத்தில் பயணம் செய்கிற பெரிய கோளைத் தொடாது. ராக்கெட்காரர் நிம்மதியாகச் சம்மதித்தது அதனால்தான். சிறிய கோள் மலிவானதற்கு அளவைவிட இந்த நம்பிக்கைதான் பெரிய காரணம்.

2013இல் செல்பேசியே மேலே போயிற்று. பிப்ரவரி 25 அன்று பி.எஸ்.எல்.வி. சி-20இல், சர்ரேக்காரர்கள் ஸ்மார்ட்போன் ஒன்றை உள்ளே வைத்த 'ஸ்ட்ராண்ட்-1' பறந்தது. ஏப்ரலில் நாசா மூன்று போன்சாட்களை அனுப்பியது. அவற்றின் பெயர்கள் அலெக்சாண்டர், கிரகாம், பெல். ஒவ்வொன்றின் பாகங்களுக்கும் ஆன செலவு 3,500 டாலரிலிருந்து 7,000 டாலருக்குள். ஒரு வாரம்தான் உயிரோடு இருந்தன. அவை துண்டுதுண்டாக அனுப்பிய படங்களை உலகெங்கும் இருந்த அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பிடித்து ஒட்டவைத்தார்கள்.

இந்த 3,500 டாலரைக் காட்டித்தான் உங்களிடமும் "செலவு குறைவு" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது பாகங்களின் விலை மட்டும். ஆள் கூலி, சோதனைக் கூடம், ராக்கெட் இடம் எதுவும் அதில் சேரவில்லை. 2018இல் நாசாவின் இன்சைட் கலத்தோடு செவ்வாய்க்குத் துணைபோன இரட்டைக் கோள்கள் மார்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 13.5 கிலோ. ஆழ்விண்வெளியில் இத்தனை சிறிய கோள் பிழைக்குமா என்பதே அவற்றின் கேள்வி. பிழைத்தன, நவம்பர் 26 அன்று இன்சைட் செவ்வாயில் இறங்கும்போது அதன் செய்தியை உடனுக்குடன் பூமிக்குக் கடத்தின. அந்தத் திட்டத்துக்கு ஆனது 1.85 கோடி டாலர். செவ்வாய்க் கணக்கில் மலிவு. உங்கள் கல்லூரி முதல்வரிடம் போய்ச் சொல்லக்கூடிய மலிவில்லை.

அப்படியானால் மலிவு எங்கிருந்து வருகிறது? பெரிய கோளில் ஒரு கருவிக்கு இரண்டு கருவி வைப்போம், ஒவ்வொரு சிப்புக்கும் பிறப்புச் சான்றிதழ் வரை கேட்போம். சிறிய கோளில் அதெல்லாம் வேண்டாம் என்று துணிகிறோம். கெட்டுப்போகலாம் என்பதை ஒப்புக்கொள்வதால் மிஞ்சுகிற பணம் அது. சோதனையில் கை வைத்து மிச்சம் பிடிக்கும் பணம் மலிவுக் கணக்கில் சேராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட குழுக்களின் கோள்கள் மேலே போய் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

கடைப் பாகங்களுக்கு மேலே என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். டவுன்ஹால் ரோட்டில் வாங்கும் மைக்ரோகண்ட்ரோலர் கெட்ட சிப் கிடையாது. ஆனால் மேலே மின்னூட்டத் துகள்கள் அதன் வழியே பாய்ந்துகொண்டே இருக்கும். ஒரு துகள் நினைவகத்தில் பட்டால் சுழியம் ஒன்றாகிவிடும், ஒன்று சுழியமாகிவிடும். அதே தகவலை மூன்று இடத்தில் எழுதி வைத்து, படிக்கும்போது இரண்டு இடங்கள் சொல்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது பழைய பஞ்சாயத்து முறை. நன்றாகவே வேலை செய்கிறது. இன்னொரு வகைத் தாக்குதல் மோசமானது. துகள் பட்டதும் சிப்புக்குள் குறுக்குப் பாதை திறந்து மின்னோட்டம் எகிறும். உடனே மின்சாரத்தைத் துண்டிக்காவிட்டால் சிப் கருகிவிடும். அதற்கு ஒவ்வொரு போர்டுக்கும் மின்னோட்டத்தைக் கண்காணித்து வெட்டிவிடுகிற சிறு சுற்று ஒன்று போதும். நிரல் எங்காவது சிக்கிக்கொண்டால் தானே அணைத்து எழுப்பும் காவல் கடிகாரம் ஒன்று. இந்த மூன்றையும் சேர்த்து ஓட்டல் சாப்பாட்டுச் செலவில் முடித்துவிடலாம். ஊர்திகளுக்கென்று செய்யப்படும் பாகங்கள் கிடைத்தால் அவற்றையே எடுங்கள். சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிருக்கும் இன்ஜின் பக்கத்துச் சூட்டுக்கும் பழகியவை.

வெப்பத்தைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு தப்பெண்ணம் உண்டு. "மதுரை வெயிலில் மொட்டைமாடியில் ஒரு மாதம் ஓடிய போர்டு ஐயா" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். மொட்டைமாடியில் காற்று இருக்கிறது, தம்பி. சிப் சூடானால் காற்று அதை எடுத்துப் போய்விடும். வெற்றிடத்தில் சூடு போக ஒரே வழி, உலோகத்தின் வழியே சட்டத்துக்கு வந்து அங்கிருந்து கதிராக வெளியேறுவது. அதே குழுவில் இன்னொருவர் சிறிய மின்விசிறி வைத்துவிடலாம் என்றார். எதை வீசுவது?

இன்னொன்று, குளிர். நான் ஆலோசனை சொன்ன ஒரு கல்லூரிக் குழு, தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு டேப்பை வெட்டி ஆண்டெனா செய்திருந்தது. உலகம் முழுவதும் அப்படித்தான் செய்கிறார்கள், தவறில்லை. சுருட்டி, நைலான் நூலால் கட்டி வைத்துவிட வேண்டும்; மேலே போனதும் சிறு கம்பி சூடேறி நூலை அறுக்கும், டேப் படக்கென்று விரியும். மேசை மேல் வைத்து இருபது முறை செய்து காட்டினார்கள். மூன்றே விநாடி, கைதட்டல். வெற்றிட அறையில் குளிரவைத்துச் செய்யச் சொன்னேன். நூல் அறுபடவில்லை. மின்கலம் குளிர்ந்ததும் அதன் உள்தடை ஏறிவிட்டது, கம்பிக்குத் தேவையான மின்னோட்டம் வரவில்லை. அந்த ஒரு நாளைக்கு அவர்கள் போகாமல் இருந்திருந்தால், கோள் ஆண்டெனாவைச் சுருட்டி வைத்துக்கொண்டே சுற்றியிருக்கும். மின்கலத்துக்குச் சிறு சூடேற்றி வைத்தார்கள், நூலை அறுக்க இரண்டாவது கம்பியும் வைத்தார்கள். மொத்தச் செலவு சில நூறு ரூபாய். அந்த அறைக்கு நாள் கிடைக்கக் காத்திருந்தது நான்கு மாதம்.

இப்போது கணக்கு. இதைப் போடாமல் எந்தக் குழுவும் ஒரு திருகுகூட வாங்கக் கூடாது. பூமிக்கு அருகில் சூரிய ஒளி சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட். பத்து சென்டிமீட்டர் முகத்தில் விழுவது 13.6 வாட். நல்ல சூரியச் செல் அதில் முப்பது சதவீதத்தைத் தரும், நான்கு வாட். 500 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 95 நிமிடம், அதில் அரைமணி நேரத்துக்கு மேல் பூமியின் நிழல். சராசரி பார்த்தால் கையில் இரண்டு வாட் மிஞ்சலாம். வீட்டில் இரவில் எரியவிடும் சின்ன விளக்கின் மின்சாரம். கணினி, ரேடியோ, உங்கள் சோதனைக் கருவி எல்லாம் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்த வேண்டும்.

பேசக் கிடைக்கும் நேரம் இன்னும் குறைவு. துருவத்துக்கு அருகில் உள்ள நிலையங்களுக்குத் துருவச் சுற்றுக்கோள் ஒவ்வொரு சுற்றிலும் தெரியும். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து டிகிரிதான். ஒரு நாளில் நான்கு முறை கண்ணில் பட்டால் அதிகம். அதிலும் இரண்டுதான் நல்ல உயரத்தில் போகும், ஒவ்வொன்றும் பத்து நிமிடம். விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் இருபது நிமிடம் ஒரு நொடி விடாமல் வாங்கினாலும் ஒன்றரை மெகாபைட் தேறாது. உங்கள் செல்பேசி எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பெரியது.

புகைப்படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மாணவர் குழுக்களில் பத்துக்கு எட்டு, "நம் ஊர்க் கண்மாய்களைப் படமெடுப்போம்" என்று தொடங்கும். நல்ல மனசுதான். ஐந்து மைக்ரான் புள்ளியும் 25 மில்லிமீட்டர் குவியத்தூரமும் உள்ள கேமராவை வைத்தால், 500 கிலோமீட்டரிலிருந்து ஒரு புள்ளிக்குள் தரையில் நூறு மீட்டர் அடங்கும். வண்டியூர்க் கண்மாய் ஒரு திட்டாகத் தெரியும். மாரியம்மன் தெப்பக்குளம் பக்கத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர்; மூன்றுக்கு மூன்று, ஒன்பது புள்ளி. மைய மண்டபம் எங்கே என்று தேட வேண்டாம். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க இதைவிடப் பல மடங்கு கூர்மையான படங்கள் ஏற்கனவே வந்துகொண்டிருக்கின்றன. அதே கேமராவை வைத்து, "எந்தப் படத்தில் மேகம் மறைக்கிறது என்று கோளே பார்த்து, அந்தப் படத்தைக் கீழே அனுப்பாமல் தள்ளிவிடுமா?" என்று கேட்டால், அது சோதனை. ஒன்றரை மெகாபைட்தான் வரும் என்ற வறுமையிலிருந்து பிறந்த கேள்வி அது.

தமிழ்நாட்டில் இந்த வேலை புதிதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ 'அனுசாட்' 2009 ஏப்ரல் 20 அன்று பறந்து மூன்று ஆண்டு சுற்றியது. ஓரிடத்தில் செய்தியை வாங்கி வைத்து இன்னோரிடத்தில் இறக்குவது அதன் வேலை. எஸ்.ஆர்.எம். 2011இல், சத்யபாமா 2016இல், குமரி மாவட்டக் குமாரகோவிலின் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகம் 15 கிலோ 'நியுசாட்'டுடன் 2017இல். மதுரைக்கும் பங்கு உண்டு. 75 பள்ளிகளின் 750 மாணவியர் சேர்ந்து செய்த 'ஆசாதிசாட்'டில் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். எட்டுக் கிலோக் கோள்; ஒவ்வொரு பள்ளிக்கும் ஐம்பது கிராம் அளவில் ஒரு சிறு கருவி. 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில் போனது.

அந்த ராக்கெட்டின் கதை உங்களுக்குப் பாடம். இரண்டாம் கட்டம் பிரியும்போது எழுந்த அதிர்வில், முடுக்கத்தை அளக்கும் உணரிகள் சிறிது நேரம் எல்லை மீறிக் காட்டின. "உணரிகள் கெட்டுவிட்டன" என்று கணினி முடிவு செய்து அவற்றை ஒதுக்கிவிட்டு மாற்று வழியில் ஓட்டியது. 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதில் 356க்கு 76 என்ற நீள்வட்டம் கிடைத்தது. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது, கோள்கள் பிழைக்கவில்லை. உணரி எதுவும் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். "கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது" என்பதற்கு எழுதிய விதியில்தான் கோளாறு. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, திருத்திய ராக்கெட் 'ஆசாதிசாட்-2'ஐ 450 கிலோமீட்டரில் ஒழுங்காக விட்டது. வெள்ளோட்டத்தில் அச்சு முறிந்தால் தச்சருக்குத்தான் வேலை, திருவிழா நிற்காது.

இப்போது நேரடியாக என் யோசனை. முழுக் கோள் செய்யாதீர்கள், இப்போதைக்கு வேண்டாம். பதினான்கு பேரில் பத்துப் பேர் மின்சாரம், ரேடியோ, சட்டம், திசைக் கட்டுப்பாடு என்று, உலகம் ஏற்கனவே ஆயிரம் முறை செய்துவிட்ட வேலையை மறுபடி செய்து களைத்துப்போவீர்கள். உங்கள் கேள்வியைக் கவனிக்க ஆள் இருக்காது, நான்காம் ஆண்டும் முடிந்துவிடும்.

அதற்குப் பதில் 'போயம்' இருக்கிறது. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டம் கோள்களை இறக்கிவிட்ட பிறகு வெறும் குப்பையாகச் சுற்றிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. இஸ்ரோ அதன் தொட்டியைச் சுற்றிச் சூரியத் தகடு ஒட்டி, மின்கலமும் திசைக் கட்டுப்பாடும் கொடுத்து, அதையே சோதனை மேடை ஆக்கிவிட்டது. 2022 ஜூன் 30 அன்று சி-53இல் முதல் போயம். 2024 ஜனவரி முதல் தேதி போன மூன்றாவதை 350 கிலோமீட்டருக்கு இறக்கி வேலை வாங்கினார்கள். மார்ச் 21 அன்று அது வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தது, குப்பை மிச்சமில்லை. 2024 டிசம்பர் 30 அன்று போன நான்காவதில் 24 சோதனைகள். பத்து, அரசுக்கு வெளியே உள்ளவர்களுடையவை. இஸ்ரோவே வைத்த ஒன்றில் தட்டைப்பயறு எட்டு விதை. எங்கள் வீட்டில் தட்டாம்பயறு என்போம். நாலே நாளில் முளைவிட்டது. என் மனைவி, "ஈரத்துணியில் கட்டி வைத்தால் இங்கே இரண்டு நாளில் முளைக்குமே" என்றாள். அவள் சொன்னது அறிவியலில் ஒப்பீட்டுச் சோதனை எனப்படும், தெரிந்து சொன்னாளா என்று கேட்கவில்லை.

அந்த மேடையில் மின்சாரமும் தகவல் தொடர்பும் அவர்களுடையது. கருவி மட்டும் உங்களுடையது. அனுமதி விஷயங்களை 2020இல் அமைக்கப்பட்ட மத்திய அரசின் இன்-ஸ்பேஸ் அமைப்பு பார்த்துக்கொள்கிறது.

எதைச் சோதிப்பது? மதுரையில் எது தெரிந்தவர்கள் இருக்கிறார்களோ, அதை. இந்த ஊரில் ரப்பர் தொழில் நெடுங்காலமாக இருக்கிறது. எந்தக் கலவையில் எவ்வளவு கந்தகம் என்று விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லும் ஆட்கள் பட்டறைகளில் இருக்கிறார்கள். விண்வெளியில் ரப்பர் பெரிய தலைவலி. வெற்றிடத்தில் அதிலுள்ள எண்ணெய்ப் பொருள்கள் ஆவியாகி வெளியேறிக் கேமராக் கண்ணாடியில் படியும். அதனால்தான், சூடேற்றிய வெற்றிடத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் எடை இழக்கும் பொருளைக் கோளுக்குள் விடுவதில்லை. அதற்கு மேல், 350 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் புறஊதாக் கதிர் பிளந்து தனி அணுக்களாக வைத்திருக்கும். கலம் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் அவற்றின் மீது மோதும்போது, நெகிழிகளும் ரப்பரும் அரம் போட்டதுபோல் தேயும். சிலிகோன் ரப்பரின் மேற்பரப்பு மட்டும் கண்ணாடி போல மாறித் தன்னைத்தானே காத்துக்கொள்ளும், பிறகு அந்தப் படலம் வெடிக்கும்.

மின்கடத்தும் ரப்பர்ப் பட்டைகள் நான்கு வகைக் கலவையில் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு, ஒன்று வெளியே, ஒன்று மூடிய பெட்டிக்குள். தேயத் தேய, இறுக இறுக, மின்தடை மாறும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தடையையும் வெப்பநிலையையும் அளந்து அனுப்பினால் போதும். ஒரு நாளைக்குச் சில கிலோபைட். கருவியைத் திரும்பக் கொண்டுவந்து பார்க்கத் தேவையில்லை. மூன்றாவது வரிசைப் பட்டைகளைச் சித்திரை வெயிலில் உங்கள் கல்லூரி மாடியில் வையுங்கள். பன்னிரண்டு பட்டை ரப்பர், ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு சிறு அலுமினியப் பெட்டி. விடை எப்படி வந்தாலும் யாருக்காவது பயன்படும். இதில் ஓட்டை இருக்கலாம்; வேதியியல் துறையில் யாரிடமாவது காட்டி என்னைத் திருத்துங்கள்.

குலசேகரப்பட்டினம் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவே சுமையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே கடல். நமக்கு நான்கு மணி நேரப் பயணம், தசரா பார்த்துவிட்டும் வரலாம். ஆனால் ஏவுதளம் பக்கத்தில் வருகிறது என்பதற்காக உங்கள் கருவி சீக்கிரம் தயாராகிவிடாது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். மேலே எதையும் அனுப்புவதற்கு முன் மேலிருந்து வருவதைக் கேட்கப் பழகுங்கள். அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வை இந்த ஆண்டே எழுதுங்கள். டேப் துண்டுகளையும் பி.வி.சி. குழாயையும் வைத்து ஒரு திசையைக் குறிவைத்துக் கேட்கும் யாகி ஆண்டெனா ஒன்று செய்யுங்கள். கணினியில் செருகும் சிறிய ரேடியோ ஏற்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் 145.825 மெகாஹெர்ட்ஸில் தகவல் பொட்டலங்களை அனுப்பும். அதைப் பிடித்துவிட்டால் 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய் மாணவர் கோள்களைத் தேடுங்கள். கோள் நெருங்கி வரும்போது அலைவரிசை பத்து கிலோஹெர்ட்ஸ் வரை ஏறியும், விலகும்போது அதே அளவு இறங்கியும் ஓடும். ரயில் விசில் போல. பாடப்புத்தகத்தில் அரைப்பக்கமாகப் படித்த டாப்ளர் விளைவு அன்றைக்குக் கைக்குள் வரும்.

உங்கள் கல்லூரி ஒத்தக்கடைப் பக்கம் என்றால் யானைமலை ஒரு பக்க வானத்தை மறைக்கும். திருப்பரங்குன்றம் பக்கம் என்றால் குன்று. எந்தத் திசையில், எத்தனை டிகிரி உயரத்தில் முதல் சத்தம் கேட்கிறது என்று ஒரு நோட்டில் மாதம் முழுக்கக் குறித்து வையுங்கள். பிறகு அந்த நோட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநகருக்கு வாருங்கள். பதினான்கு பேரும் வேண்டாம், உட்கார நாற்காலி இல்லை. நான்கு பேர் போதும். ரப்பர்ப் பட்டைத் துண்டு ஒன்றையும் கையோடு கொண்டுவாருங்கள்.